மூன்றாம் மாடி மண்தட்டு

தில்லியின் முனிர்கா கிராமத்துச் சந்துகளில் டிசம்பர் மாதக் காலை ஆறு மணி என்பது இரவின் கடைசிப் பகுதிதான். கை நீட்டினால் தொட்டுவிடக்கூடிய எதிர்வீட்டுச் சுவர்கூடப் பனிமூட்டத்தில் தெரியாது. அந்த நேரத்தில், மூன்றாம் மாடியின் குறுகிய பால்கனியில், போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கையில் ஒரு சிறு எவர்சில்வர் டப்பாவுடன் ஓர் ஆய்வு மாணவி நின்றுகொண்டிருந்தாள். டப்பாவுக்குள், வேகவைத்துப் பட்டாணி அளவுக்கு நறுக்கிய கோழி ஈரல். காலடியில், அகலமான பிளாஸ்டிக் தட்டில் பரப்பியிருந்த மண்ணை முகர்ந்தபடி, இரண்டு மாதம் கடந்த நாய்க்குட்டி ஒன்று. அது சிறுநீர் கழிக்க வேண்டும். கழிக்கும்வரை அவள் அசையக்கூடாது, பேசக்கூடாது, கைபேசியைப் பார்க்கக்கூடாது.

கல்வியியல் முனைவர் பட்ட ஆய்வில் அவளுக்கு அது நான்காம் ஆண்டு. தொடக்கப் பள்ளிகளில் உடல்சார் தண்டனை என்பது ஆய்வுப்பொருள். தோழிகள் பின்னாளில் இந்தப் பொருத்தத்தைச் சொல்லிச் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

குட்டி வந்த கதை தில்லியில் அப்போது பலருக்கும் தெரிந்த கதைதான். 2025 ஆகஸ்டில் தலைநகரின் தெருநாய்களைக் காப்பகங்களுக்கு அகற்றச் சொன்ன உச்ச நீதிமன்றம், இரண்டு வாரத்துக்குள் அந்த ஆணையைத் திருத்தியது. நவம்பரில் கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் ஆகியவற்றின் வளாகங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும் என்று மீண்டும் ஆணையிட்டது. வளாக டாபாவின் பின்புறம் ஈன்றிருந்த தாய் நாய் ஒரு நாள் காணப்படவில்லை. நான்கு குட்டிகளில் மூன்றை யார் யாரோ எடுத்துப் போனார்கள். எஞ்சிய ஒன்றை, திருச்சூர்க்காரியான அறைத்தோழி ஸ்வெட்டருக்குள் வைத்து மாடிக்குக் கொண்டுவந்துவிட்டாள். “ரெண்டு நாளைக்கு மட்டும் சேச்சி” என்றாள். இரண்டு நாள் என்று யாரும் நம்பவில்லை, சொன்னவளும் உட்பட.

நிறத்தைப் பார்த்துக் ‘கருப்பட்டி’ என்று பெயர் வைத்தாள் அவள். வீட்டுக்கார ஆண்ட்டிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. முன்பாதியை விட்டுவிட்டுப் ‘பட்டி’ என்று அழைத்தார். இந்தியில் அது காயத்துக்குக் கட்டும் துணி. மலையாளத்திலோ பட்டி என்றால் நாய் என்றே பொருள். ஆண்ட்டி ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் திருச்சூர்க்காரி உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

பெயர் வைத்ததோடு ஆண்ட்டி கெடுவும் வைத்தார். “சங்கராந்தி வரைக்கும் பார்ப்பேன், பேட்டா. படிக்கட்டில் நாற்றம் வந்தால் குட்டியும் கீழே, நீங்களும் கீழே.” டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி 14 வரை, ஏறத்தாழ ஒரு மாதம். குட்டி கீழே போவது என்றால் என்ன பொருள் என்பதை அந்தக் குளிர்காலத்தில் யாரும் விளக்க வேண்டியதில்லை.

நாய்க்குட்டிக்கு வீடு என்றால் என்ன, கழிப்பிடம் என்றால் என்ன என்பது பிறவியில் தெரியாது. ஆனால் ஒன்றுமே தெரியாது என்பதும் சரியல்ல. பிறந்த முதல் சில வாரங்களில் தாய் நக்கித் தூண்டினால்தான் அது கழிக்கும். நடக்கத் தொடங்கியதும் படுக்கும் இடத்தை விட்டு விலகிப் போய்க் கழிக்கும். இரண்டு மாதத்தை ஒட்டி, காலுக்கடியில் எந்தத் தரை இருந்தால் கழிக்கலாம் என்ற பழக்கம் அதற்குள் உறையத் தொடங்குகிறது. டாபாவுக்குப் பின்னால் வளர்ந்த கருப்பட்டிக்கு அந்தத் தரை மண். மூன்றாம் மாடியில் இருந்ததோ மொசைக். தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் வழியில்லை. தடுப்பூசிகள் முடியும்வரை பிற நாய்கள் நடமாடும் தெருவில் இறக்கவே வேண்டாம், பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்று கால்நடை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே நர்சரியிலிருந்து வாங்கிய புது மண், பால்கனியில் ஒரு தட்டு.

இவை எல்லாவற்றையும் அவள் முதல் இரண்டு நாளில் படித்து முடித்திருந்தாள். படிப்பது அவள் தொழில். தார்ண்டைக் 1898இல் பூனைகளைப் புதிர்ப்பெட்டியில் அடைத்து நடத்திய சோதனைகள், அவற்றிலிருந்து பிறந்த விளைவு விதி, ஸ்கின்னரின் செயல்படு ஆக்கநிலையிறுத்தம், நேர்மறை வலுவூட்டல் ஆகியவை அவளுடைய ஆய்வேட்டின் இரண்டாம் இயலிலேயே இருந்தன. விரும்பத்தக்க விளைவு தொடரும் செயல் மீண்டும் நிகழும். நொடி தாழ்ந்தால் பரிசு வேறு செயலுக்குப் போய்ச் சேரும். இதைத் தேர்வுத்தாளில் எத்தனையோ முறை எழுதியவள்.

நான்காம் நாள் மாலை, கட்டிலில் வைத்திருந்த அந்த இரண்டாம் இயலின் மேலேயே குட்டி கழித்துவிட்டது. நெறியாளர் கைப்பட எழுதிய திருத்தங்கள் இருந்த ஒரே படி. நீல மை கரைந்து, கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் பற்றிய பக்கத்தில் ஓடியது. பள்ளிக் குழந்தைக்கு உடல்சார் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது என்பது அந்தப் பிரிவு. அடுத்த நொடியில் என்ன நடந்தது என்பதை அவள் பின்னர் எவ்வளவு யோசித்தும் அதில் ஒரு முடிவெடுத்த தருணத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கை குட்டியின் பிடரியைப் பற்றியது. மூக்கை ஈரத்தில் அழுத்தியது. சுருட்டிய செய்தித்தாளால் ஒரு முறை, இரண்டு முறை. குட்டி கத்தவில்லை. தரையோடு தரையாகப் படுத்து, இருந்த மிச்சத்தையும் அங்கேயே விட்டது.

அறைத்தோழி கதவருகில் நின்றிருந்தாள். எதுவும் சொல்லவில்லை. துணி எடுத்துவரப் போனாள்.

மறுநாளிலிருந்து கருப்பட்டி கட்டிலில் கழிக்கவில்லை. அறை நடுவிலும் கழிக்கவில்லை. தண்டித்தவர்கள் ‘பார், வேலை செய்கிறது’ என்று சொல்லும் கட்டம் இதுதான். மூன்று நாள் கழித்து, சமையல் மேடைக்கடியில் எரிவாயு உருளைக்குப் பின்னாலிருந்து நாற்றம் கிளம்பியது. பால்கனிக்குத் தூக்கிப் போனால் தட்டில் ஏறி நிற்கும், அவளைப் பார்க்கும், கால்மணி நேரம் நின்றாலும் ஒரு சொட்டு விடாது. உள்ளே வந்து அவள் முகம் திரும்பியதும் உருளைக்குப் பின்னால் போய்விடும். அறைத்தோழி தூக்கிப் போனால் உடனே தட்டில் இருந்துவிடும். மூன்று மாதம்கூட ஆகாத உயிர் இரண்டு மனிதரையும் பிரித்தறிந்திருந்தது.

ஸ்கின்னர் 1938இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை வருகிறது. நெம்புகோலை அழுத்தி உணவு பெறப் பழகிய எலிகளுக்கு உணவை நிறுத்திவிட்டு, அவற்றில் சிலவற்றுக்கு மட்டும், தொடக்கத்தில் கொஞ்ச நேரம், அழுத்தும்போதெல்லாம் பாதத்தில் ஓர் அடி விழச் செய்தார். அடி வாங்கியவை அழுத்துவதைக் குறைத்தன. அடி நின்ற பின் மீண்டும் அழுத்தத் தொடங்கின; முடிவில் அடி வாங்காதவை அழுத்திய அளவுக்கே அவையும் அழுத்தியிருந்தன. அடி பழக்கத்தை அழிக்கவில்லை, ஒத்திப்போட்டது. இதை வைத்துத் தண்டனை வேலை செய்யாது என்று எழுதுவது எளிது. அவளும் அப்படித்தான் எழுதியிருந்தாள். அது நேர்மையான முடிவு அன்று. 1960களில் அஸ்ரினும் ஹோல்ஸும் காட்டியதுபோல், தண்டனை கடுமையாகவும் உடனடியாகவும் தவறாமலும் விழுந்தால் செயல் அடங்கத்தான் செய்யும். கேள்வி வேறு. அடங்கியது எது? குட்டியின் பக்கமிருந்து பார்த்தால் ‘மொசைக்கில் கழிக்காதே’ என்ற பாடம் அந்த அடியில் எங்குமே இல்லை. ‘இவள் பார்க்கும்போது கழிக்காதே’ என்பது மட்டுமே இருந்தது. அதை அது பழுதில்லாமல் கற்றுக்கொண்டது. எங்கே கழிக்கலாம் என்பதை அவள் சொல்லித்தரவே இல்லை.

உருளைக்குப் பின்னால் ஈரத்தைக் கண்டதும் அவள் திரும்பிப் பார்த்தால் குட்டி காதை மடக்கி, கண்ணைத் திருப்பிக்கொள்ளும். ஆண்ட்டி இதைக் கண்டு, “பார், தப்பு செய்தது தெரிகிறது” என்றார். நாய் வளர்க்கும் எல்லாரும் சொல்வது. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்தார்: தின்னக்கூடாது என்று சொல்லப்பட்டதைத் தின்ற நாயிடமும் தின்னாத நாயிடமும் அந்தக் ‘குற்ற முகம்’ ஒன்றுபோலவே வந்தது, உரிமையாளர் திட்டியபோது கூடுதலாக வந்தது, தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் இன்னும் அதிகமாக. நாய் படிப்பது தன் குற்றத்தை அல்ல, எதிரில் இருப்பவரின் முகத்தை. வகுப்பறைகளில் எத்தனை முகங்கள் இப்படிப் படிக்கப்பட்டு ‘ஒப்புக்கொண்டான்’ என்று எழுதப்பட்டிருக்கும் என்ற எண்ணம் அவளுக்கு அப்போது வந்தது. ஆய்வேட்டில் அதற்கு இடமில்லை.

ஆண்ட்டியிடம் மருந்தும் இருந்தது. “லாத்தோன் கே பூத் பாத்தோன் ஸே நஹீன் மான்தே” என்றார். உதைக்கு அடங்கும் பேய் பேச்சுக்கு அடங்காதாம். கோவில்பட்டியிலிருந்து தொலைபேசியில் அப்பா சொன்னதும் அதன் தமிழ்தான். “அடியாத மாடு படியாதும்மா.” அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருடைய பிரம்பு அந்த வட்டாரத்தில் பேர்போனது. 2010இல் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, ஓய்வுபெறும்வரை நான்கு ஆண்டு பிரம்பில்லாமல் வகுப்பெடுத்தார். அந்த நான்கு ஆண்டை ‘கை கட்டின காலம்’ என்பார். அவருடைய ஆசிரியப் பயிற்சி நோட்டிலும் தார்ண்டைக்கின் விளைவு விதி அழகான கையெழுத்தில் இருந்ததைச் சிறுவயதில் அவள் பார்த்திருக்கிறாள்.

மறு தொடக்கம் கிறிஸ்துமஸ் வாரத்தில் நடந்தது. முதலில் உருளைக்குப் பின்னால் இருந்த நாற்றத்தை ஒழிக்க வேண்டியிருந்தது. மூக்குள்ள பிராணிக்குப் பழைய நாற்றம் ஓர் அறிவிப்புப் பலகை. பினாயில் மனித மூக்கைத்தான் ஏமாற்றும். அம்மோனியா கலந்த தரைக் கழுவியோ சிறுநீரின் வாடையையே மீண்டும் பூசும். நீர் கலந்த வினிகரால் இருமுறை துடைத்து, உருளையைச் சுவரோடு நகர்த்தி, இடைவெளியை அட்டையால் அடைத்தார்கள்.

பிறகு குறிப்பேடு. நேரம், இடம், அதற்கு முன் நடந்தது என்ன, அப்போது அவள் என்ன செய்துகொண்டிருந்தாள். நான்காவது பத்தியைத் தோழிதான் சேர்க்கச் சொன்னாள்; இயற்பியல்காரி, அளப்பவரையும் அளக்க வேண்டும் என்றாள். முதல் நாள் கணக்கு: மொத்தம் பதினான்கு, தட்டில் மூன்று. ஐந்தாறு நாளில் வரிசை தெளிந்தது. தூங்கி எழுந்த இரண்டு நிமிடத்துக்குள் ஒன்று. சாப்பிட்ட கால்மணி நேரத்துக்குள் ஒன்று. விளையாட்டின் நடுவே திடீரென நின்று தரையை முகர்ந்து வட்டமடித்தால் இதோ இப்போது. தரையில் நேர்ந்த பிழைகளுக்கு நேரே நான்காவது பத்தியில் பெரும்பாலும் ஒரே சொல் இருந்தது: மடிக்கணினி.

ஆகவே பயிற்சி குட்டிக்கு அல்ல, முதலில் அவளுக்கு. விழித்திருக்கும் நேரமெல்லாம் குட்டியைப் பழைய துப்பட்டாவால் தன் இடுப்போடு இணைத்துக்கொண்டாள். கண்ணுக்குத் தப்பி எங்கும் போக முடியாது, அவளும் மறக்க முடியாது. எழுந்ததும், உண்டதும், ஆடியதும் பால்கனி. பரிசுக்கு முன் ஒரு சொல் வேண்டும். ஈரல் துண்டை எடுத்துக் குனிவதற்குள் இரண்டு மூன்று நொடி போய்விடும், ஆனால் சொல் அந்த நொடியிலேயே விழும். ஸ்கின்னரின் மாணவர்களான பிரெலண்ட் தம்பதியர் விலங்குகளைப் பழக்கும்போது செயலுக்கும் உணவுக்கும் இடையே இப்படியொரு பாலமாகத்தான் ஒலியைப் பயன்படுத்தினார்கள். தமிழ், மலையாளம், இந்தி மூன்றுக்கும் பொதுவாக அவர்களுக்குக் கிடைத்த சொல் ‘சபாஷ்’. முதல் இரண்டு நாள் சபாஷ் என்று சொல்லி ஈரல், சபாஷ் என்று சொல்லி ஈரல், வேறொன்றுமில்லை. அந்தச் சொல் கேட்டதும் குட்டியின் காது நிமிரத் தொடங்கிய பிறகே தட்டு.

பரிசைத் தட்டிலேயே தர வேண்டும் என்பதில் பலரும் தவறுகிறார்கள். உள்ளே ஓடிவந்த பின் தந்தால், குட்டிக்குப் பரிசு கிடைத்தது உள்ளே ஓடிவந்ததற்குத்தான். நடுவில் சொல்லிவிடவும் கூடாது. பாதியில் நிறுத்திவிட்டு ஈரலுக்குத் தாவும், மிச்சம் மொசைக்குக்கு வரும். கடைசிச் சொட்டு விழுந்து, பின்னங்கால் நிமிரும் அந்தக் கணம். அதைப் பிடிக்க அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

ஆனால் அவள் நின்றால் கருப்பட்டி கழிக்காதே! அதற்கு வழி, திரும்பி நிற்பது. தட்டுக்கு முதுகைக் காட்டி, பனியைப் பார்த்துக்கொண்டு, மண்ணில் விழும் சொரசொர ஒலிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு. ஒலி நின்றதும் மெல்ல ஒரு சபாஷ், தோளுக்குப் பின்னால் எறியப்படும் ஒரு துண்டு. சில நாள் முழு முதுகு, பிறகு பக்கவாட்டு, பிறகு ஓரக்கண். இடையில் தரையில் நேர்ந்தவற்றுக்கு ஒரு முகச்சுளிப்பும் இல்லை, ஒரு ‘சே’ இல்லை. துடைப்பது, குறிப்பது, அவ்வளவுதான். அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. கை அடங்கிவிட்டது; மூச்சு அடங்க நாளாயிற்று. புத்தாண்டுக்கு அடுத்த நாள் காலை அவள் முழுமுகமாக நின்றிருக்க, கருப்பட்டி அவளைப் பார்த்துக்கொண்டே தட்டில் குந்தியது. சபாஷ் என்ற சொல் அவளுக்குச் சரியாக வரவில்லை. அன்று இரண்டு துண்டு.

ஆய்வுலகில் இருப்பவர்களுக்கு இந்தத் தாமதக் கணக்கு வேறு விதமாகவும் உறைக்கும். ஓர் இயலை அனுப்பி எட்டு மாதம் கழித்து, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ‘நன்று’ என்ற ஒரு சொல் திரும்பி வருகிறது. எந்தப் பத்திக்கு? எந்த வாதத்துக்கு? பிழைக்கு மட்டும் அடிக்கோடு தவறாமல் விழும். ஆய்வாளர்களும் உருளைக்குப் பின்னால் போய்த்தான் எழுதுகிறார்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வரவில்லை என்று சொல்ல அவள் அப்பாவை அழைத்தாள். முன்பெல்லாம் உணவு, உதவித்தொகை, ஆய்வேடு என்று மூன்று கேள்வியோடு முடிப்பவர், சில வாரமாக நாலாவதாக ஒன்று கேட்டுவந்தார். “இன்னைக்கு எத்தனை தப்பு?” மதிப்பெண் கேட்கும் குரல். “ஒண்ணுதான் அப்பா. நேத்து ஒண்ணுமில்ல.”

“அடிக்காமலா?”

“அடிக்காமத்தான்.”

வழக்கமாக அந்த இடத்தில் தொலைபேசி அம்மாவிடம் போகும். அன்று போகவில்லை.

“ஒண்ணாம் வகுப்புல ஒரு பையன் இருந்தான்மா. தொண்ணூத்தி ஒண்ணுன்னு நினைக்கேன். வெளிய விடச் சொல்லிக் கேக்கப் பயந்துக்கிட்டு வகுப்புலயே இருந்துட்டான். ரெண்டு அடி போட்டேன். காலுலதான்.” சற்று நேரம் பின்னணியில் தொலைக்காட்சி மட்டும் கேட்டது. “மறுநாள் வரல. அதுக்கு மறுநாளும் வரல. தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிட்டோம்னு அவங்க அம்மா வந்து சொன்னா. அந்தப் பய அதுக்கப்புறம் வகுப்புல ஈரம் பண்ணலதான்.”

“பேரு ஞாபகம் இருக்கா அப்பா?”

இனிஷியலோடு சொன்னார். ஊர், தெரு, அப்பன் செய்த தொழில், வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இருந்த வரிசை எண் எல்லாம் சொன்னார். முப்பது ஆண்டுக்கு மேலாக அதை வைத்திருந்திருக்கிறார். பிறகு, “சரி, அம்மாட்ட குடுக்கேன்” என்றார்.

நேர்காணல் எடுப்பது அவளுக்குத் தெரிந்த வேலை. ஒப்புதல் படிவம், ஒலிப்பதிவு, பெயர் மறைத்தல். அந்தப் பேச்சை அவள் எங்கும் குறித்துவைக்கவில்லை.

சங்கராந்தியன்று காலை பத்து மணிக்கு ஆண்ட்டி எள்ளுருண்டைத் தட்டோடு மேலே வந்தார். கதவு திறந்ததும் கருப்பட்டி வாலும் உடலும் ஒன்றாக ஆட அவர் காலடிக்குப் பாய்ந்தது. குட்டிகளுக்கு உற்சாகம் மீறினால் அடக்கம் நழுவும். அது பழக்கப் பிழைகூட இல்லை, வளர்ந்தால் பெரும்பாலும் தானே போய்விடும். ஆனால் வாசற்படியில் நான்கைந்து சொட்டுகள் விழுந்துவிட்டன. ஆண்ட்டி தரையைப் பார்த்தார். தோழிகள் இருவரும் ஆண்ட்டியின் செருப்பைப் பார்த்தார்கள். கருப்பட்டி திரும்பி, அறையைக் குறுக்காகக் கடந்து, பால்கனிக்குப் போய், தட்டில் ஏறி மிச்சத்தை முடித்தது.

“ஷாபாஷ்!” என்றார் ஆண்ட்டி. சில வாரமாக மேலிருந்து கேட்டுப் பழகிய சொல். சரியான நொடியில் விழுந்தது. குட்டி நிமிர்ந்து, துண்டுக்காக அவரைப் பார்த்தது. ஈரல் டப்பாவை அவரிடம் நீட்ட முடியாது. ஆண்ட்டி சுத்த சைவம். அவரே எள்ளுருண்டை ஒன்றின் ஓரத்தைக் கிள்ளித் தட்டருகில் போட்டார். கருப்பட்டி முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டது.

நாற்றம் பற்றி ஆண்ட்டி எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் மோட்டாரைக் காலையில் நெடுநேரம் ஓடவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வாசலில் இருந்த சொட்டுகளை வினிகரால் துடைத்த பிறகு, குறிப்பேட்டில் அன்றைய தேதிக்கு நேரே அவள் இரண்டு கோடுகள் போட்டாள்: தட்டில் ஒன்று, தரையில் ஒன்று.